கறிவேப்பிலையில் ஒரு டாக்டரின் பெயர்

கேள்வி: கறிவேப்பிலையின் தாவரவியல் பெயர் ‘முரையா கோனிகி’ என்று மகளின் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கோனிக் என்பது யார்?
– வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: யோகான் கெரார்டு கோனிக் என்ற டாக்டர். 1728இல் இன்றைய லாட்வியாவில் பிறந்தவர். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் சூட்டும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் சுவீடனில் பாடம் கேட்டவர். 1768இல், டேனிஷ்காரர்கள் வசமிருந்த தரங்கம்பாடிக்குக் கிறிஸ்தவ மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தார். இங்கிருந்தபடியே குருவுடன் தொடர்பில் இருந்தார். 1771இல் லின்னேயஸ் கறிவேப்பிலைக்கு ‘பெர்கெரா கோனிகி’ என்று பெயர் வைத்தார். 1825இல் ஸ்பிரெங்கல் என்ற ஜெர்மன் தாவரவியலர் அதை ‘முரையா’ பேரினத்தில் சேர்த்தார். முன்பாதி மாறினாலும் கோனிக்கின் பெயர் நிலைத்துவிட்டது. இந்தியா வருமுன் ஐஸ்லாந்தில் அவர் கண்டெடுத்த ஒரு சின்னஞ்சிறு செடிக்கும் ‘கோனிகியா’ என்றே பெயர்.

கேள்வி: வைத்தியம் பார்க்க வந்தவருக்குச் செடி ஆராய்ச்சி எதற்கு?
– வாசகர், உறையூர்

பதில்: அன்றைய மருந்துகளில் பெரும்பகுதி வேர், பட்டை, இலை, பிசின்தான். செடியை மாற்றிக் கொடுத்தால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. அதனால் ஐரோப்பாவில் தாவரவியல் மருத்துவப் படிப்போடு சேர்ந்தே இருந்தது. லின்னேயஸே உப்சாலா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பேராசிரியர். தரங்கம்பாடியிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. கிரண்ட்லர் என்ற மிஷனரி, தமிழ் வைத்திய முறைகளைப் பற்றி 1711இலேயே ஜெர்மனில் எழுதியிருக்கிறார்.

அக்கால அறிஞர்களை இணைத்தவை கடிதமும் கப்பலும். செடியைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, குறிப்பெழுதிக் கப்பலேற்றிவிட்டு, பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். இங்கிருந்த கோனிக்குக்கு 1773இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் அளித்தது. தஞ்சைச் சீமையின் கரையான்களைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1779இல் பெர்லினில் அச்சேறியது. கரையான் ஆய்வுக்கு அது ஒரு தொடக்கம். 1776இல் சென்னைக்கு வந்த இளம் டாக்டர் ராக்ஸ்பர்க்குக்குத் தென்னாட்டுச் செடிகளைப் படிக்க வழிகாட்டியவரும் கோனிக்தான். பின்னாளில் கல்கத்தா தாவரவியல் பூங்காவை நடத்திய ராக்ஸ்பர்க், இந்தியத் தாவரவியலின் தந்தை என்று போற்றப்பட்டார்.

கேள்வி: நம் திருச்சிக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?
– மாணவர், திருச்சிராப்பள்ளி

பதில்: நவாப் வழியாக உண்டு. மிஷன் சம்பளம் ஆராய்ச்சிக்குப் போதாமல், 1774இல் ஆற்காடு நவாப் முகமது அலியிடம் இயற்கை ஆய்வாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1751-52இல், நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப்பும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டபோது இந்த நவாப் தாக்குப்பிடித்தது திருச்சிக் கோட்டையில்தான். ஸ்ரீரங்கத்தில் தங்கியிருந்த பிரெஞ்சுப் படை 1752இல் அங்கேயே சரணடைந்தது. 1778இல் கோனிக் கிழக்கிந்தியக் கம்பெனி பணிக்கு மாறி, சயாம் (இன்றைய தாய்லாந்து), மலாக்கா வரை போய் வந்தார். 1785இல் காக்கிநாடா அருகே வயிற்றுக்கடுப்பால் காலமானார். தன் கையெழுத்துப் பிரதிகளை லண்டனிலிருந்த தாவரவியலர் ஜோசப் பேங்க்ஸுக்கு விட்டுச் சென்றார்.

கோனிக்கைப் போலச் செடிகளைச் சேகரித்து ஆராயும் வேலை திருச்சியில் இன்றும் நடக்கிறது. தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்தை (உலர்த்திய தாவரங்களின் சேகரிப்பகத்தை) 1967இல் தொடங்கியவர் கே. எம். மாத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியார். தமிழகத் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதிய அவர், தரங்கம்பாடித் தாவரவியலர்களின் வரலாற்றையும் ஆராய்ந்தார்.

உங்களைப் போன்ற மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். கறிவேப்பிலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அதன் குணமறிந்து சமையலிலும் வைத்தியத்திலும் சேர்த்தவர்கள் இந்த மண்ணின் மக்கள். லத்தீன் பெயரில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே நீங்கள் ஒரு செடியைச் சேகரித்தால், அதன் ஊர்ப்பெயரோடு, அதை உங்களுக்குக் காட்டிய பாட்டியின் பெயரையும், அவர் சம்மதித்தால், செடியோடு வைக்கும் குறிப்புச் சீட்டில் எழுதுங்கள். அவரும் அந்த அறிஞர் வட்டத்தில் ஒருவர்தான்.