குடலுக்குள் ஒரு சக்கரம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

"நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்" என்பது பழமொழி. பெரியவர்களுக்கு நோய் வந்தால் எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடுவர். கைக்குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். அவ்வாறு அழுத குழந்தைகளின் குடலில் ஒளிந்திருந்த ஒரு பகைவனைக் கண்டுபிடித்துக் காட்டியவர் டாக்டர் ரூத் பிஷப் என்னும் ஆஸ்திரேலிய நாட்டுப் பெண்மணி. அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியும், அதனால் நம் நாட்டுக் குழந்தைகள் அடைந்துள்ள பயனைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

காரணம் தெரியாத பேதி

ரூத் பிஷப் 1933ஆம் ஆண்டு பிறந்தார். நுண்ணுயிரியல் கற்று, மெல்போர்ன் நகரிலுள்ள ராயல் குழந்தைகள் மருத்துவமனையில் ஆராய்ச்சியாளராகப் பணியாற்றினார். குளிர்காலம் வந்தால் அம்மருத்துவமனையில் வயிற்றுப்போக்கால் வாடும் குழந்தைகள் நிறைந்துவிடுவர். முதலில் வாந்தியும் காய்ச்சலும் காணும். பிறகு தண்ணீர் தண்ணீராகப் பேதியாகும். இரண்டொரு நாளிலேயே கண்கள் குழிவிழுந்து, நாக்கு உலர்ந்து, உச்சிக்குழி உள்வாங்கிக் குழந்தை துவண்டுவிடும்.

இந்நோய்க்குக் காரணம் யாது? மருத்துவர்கள் மலத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தனர். சில குழந்தைகளிடம் நோய் தரும் பாக்டீரியா அகப்பட்டது. பெரும்பாலோரிடம் ஒன்றுமே அகப்படவில்லை. காரணம் தெரியாத நோய்க்குத் தடுப்பு மருந்து செய்வது எப்படி?

தேட வேண்டிய இடம்

பேதி நின்ற பின்னரும் சில குழந்தைகளுக்குப் பால் செரிக்காமல் போவதை மருத்துவர்கள் கவனித்திருந்தனர். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கச் செய்யும் நொதி சிறுகுடலின் உட்சுவரில் இருக்கிறது. ஆகவே கேடு விளைந்த இடம் அந்தச் சுவராகத்தான் இருக்க வேண்டும். வெளியே வந்த மலத்தைப் பார்த்துப் பயனில்லை என்றால், நோய் நடக்கும் இடத்தையே பார்த்தால் என்ன?

ரூத் பிஷப்பும், ஜெஃப்ரி டேவிட்சன், இயன் ஹோம்ஸ், பிரையன் ரக் ஆகிய அவருடைய தோழர்களும் 1973ஆம் ஆண்டு இவ்வழியில் இறங்கினர். நோய் கடுமையாக இருந்த 9 குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து மிகச் சிறிய திசுத்துணுக்கை எடுத்தனர். அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தனர். 9 குழந்தைகளில் 6 பேருடைய குடல் செல்களுக்குள் வட்ட வட்டமான வைரஸ்கள் குவிந்து கிடந்தன! சாதாரண நுண்ணோக்கியால் காண முடியாத அளவுக்கு அவை சிறியவை. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 14,000 வைரஸ்களை வரிசையாக அடுக்கலாம். இக்கண்டுபிடிப்பு அவ்வாண்டு டிசம்பர் மாதம் 'தி லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது.

எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்று தெரிந்துவிட்டபின் வேலை எளிதாயிற்று. மலத்திலேயே இந்த வைரஸைக் காணும் முறை விரைவில் கைவந்தது. அதன்பின் உலகின் பல நாடுகளிலும் இதே வைரஸ் தென்பட்டது. பார்ப்பதற்கு ஆரக்கால்களும் விளிம்பும் உள்ள வண்டிச் சக்கரம் போல இருந்ததால், இங்கிலாந்து நாட்டு விஞ்ஞானி தாமஸ் ஃப்ளூவெட் இதற்கு 'ரோட்டா வைரஸ்' என்று பெயர் சூட்டினார். 'ரோட்டா' என்றால் லத்தீன் மொழியில் சக்கரம் என்று பொருள்.

வைரஸ் செய்யும் வேலை

சிறுகுடலின் உட்சுவரில் விரல்களைப் போன்ற குடலுறிஞ்சிகள் இருப்பதை நாம் உயிரியல் பாடத்தில் படித்திருக்கிறோம். டர்க்கி டவலின் மேலுள்ள நூல் வளையங்கள் ஈரத்தை உறிஞ்சுவது போல, இவை உணவின் சத்தையும் நீரையும் உறிஞ்சுகின்றன. ரோட்டா வைரஸ் இக்குடலுறிஞ்சிகளின் நுனியிலுள்ள செல்களுக்குள் புகுந்து, பெருகி, அவற்றை அழிக்கிறது. நுனி மழுங்கிய குடலுறிஞ்சிகளால் நீரை உறிஞ்ச இயலாது. மேலும் இந்த வைரஸ் உண்டாக்கும் ஒரு புரதம், உடலிலுள்ள நீரையும் குடலுக்குள் இழுத்துவிடுகிறது. இவ்வாறு நீரும் உப்பும் வெளியேறுவதாலேயே குழந்தையின் உயிருக்கு ஆபத்து நேருகிறது. குடலுறிஞ்சிகள் சில நாட்களில் மீண்டும் வளர்ந்துவிடும். அதுவரை குழந்தை தாக்குப்பிடிக்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இந்நோயால் இறந்தனர் என்று கணக்கிட்டுள்ளனர். நம் இந்தியாவில் 2005ஆம் ஆண்டில் இறந்தவர்கள் மட்டும் 1 லட்சத்துக்கும் மேல். அவர்கள் அனைவரும் ஐந்து வயது நிரம்பாதவர்கள்.

தூய்மை மட்டும் போதுமா?

"சுத்தமாக இருந்தால் பேதி வராது" என்று நாம் எண்ணுகிறோம். காலராவும் டைபாய்டும் நல்ல குடிநீர் கிடைத்த நாடுகளில் அடங்கிவிட்டன. ஆனால் ரோட்டா வைரஸ் மெல்போர்ன் போன்ற நகரத்தையும் விட்டுவைக்கவில்லையே! ஏழை வீடு, பணக்கார வீடு என்று பாராமல், ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் அது ஒரு முறையேனும் தொட்டிருந்தது. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கான வைரஸ்கள் இருக்கும். நோய் தொற்றுவதற்கோ மிகச் சிலவே போதும். அவை பொம்மையிலும் கதவின் கைப்பிடியிலும் பல நாட்கள் தங்கியிருக்கும். கை கழுவுதல் மிக அவசியமே. எனினும் அது மட்டும் போதாது. ஆகவே தடுப்பு மருந்து தேவையாயிற்று.

பிறந்த குழந்தைகள் கற்றுத் தந்த பாடம்

இதற்கும் வழி காட்டியவர் ரூத் பிஷப்தான். பிறந்த சில நாட்களிலேயே சில சிசுக்களுக்கு ரோட்டா வைரஸ் தொற்றியிருந்தது. ஆயினும் அவற்றுக்குப் பெரிய நோய் காணவில்லை. அக்குழந்தைகளை அவரும் அவர் குழுவினரும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். பின்னாளில் அவர்களுக்கு மீண்டும் வைரஸ் தொற்றினாலும் நோய் கடுமையாகவில்லை என்பதை 1983ஆம் ஆண்டு வெளியிட்டனர். வலுவற்ற வைரஸ் ஒன்று முன்னதாகவே குடலுக்குப் பயிற்சி தந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

நம் நாட்டிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. 1980களில் தில்லியில் உள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில், டாக்டர் எம். கே. பான் அவர்களும் அவர் குழுவினரும், நோய் காணாத சிசுக்களிடம் ஒரு வகை ரோட்டா வைரஸைக் கண்டனர். அதிலிருந்து பல ஆண்டு உழைப்புக்குப் பின் 'ரோட்டாவாக்' என்னும் சொட்டு மருந்து உருவாயிற்று. அது பயன் தருமா என்பதைத் தில்லி, புனே, நம் வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ககன்தீப் காங் என்னும் பெண் விஞ்ஞானி, குழந்தைகளின் குடல் நோய்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து இப்பணிக்குத் துணை நின்றார். 2016ஆம் ஆண்டு முதல் மத்திய அரசின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்து சேர்க்கப்பட்டது. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் இதைக் குழந்தையின் வாயில் கொடுக்கின்றனர்.

நமது கடமை

இத்தடுப்பு மருந்து நோயை அடியோடு ஒழித்துவிடாது. மேற்கூறிய சோதனையில் முதல் ஆண்டில் கடுமையான நோயைப் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைத்தது. எஞ்சிய குழந்தைகளைக் காக்க வேண்டியவர்கள் வீட்டிலுள்ள நாமே.

நம் வீடுகளில் குழந்தைக்குப் பேதியானால் "பல் முளைக்கிறது" என்பார்கள். "தொக்கம் விழுந்திருக்கிறது, எடுக்க வேண்டும்" என்பார்கள். "தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்" என்று நிறுத்தியும் விடுவார்கள். இவ்வாறு சொல்லும் பாட்டிமார்கள் பேரக் குழந்தையின் மேலுள்ள அன்பினால்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் நாம் மரியாதையுடன் உண்மையை எடுத்துரைக்க வேண்டும். போன நீரைத் திரும்பக் கொடுப்பதே முதல் மருந்து. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, அதில் குறித்துள்ள அளவு தண்ணீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்ட வேண்டும். பொட்டலம் இல்லையேல் காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டிப் போட்டுக் கலக்கலாம். சர்க்கரையின் துணையால் உப்பும், உப்புடன் நீரும் குடல் சுவரைக் கடந்து இரத்தத்தில் சேரும். அளவு மிகக் கூடாது. குழந்தை சோர்ந்து தூங்கி வழிந்தாலும், அழும்போது கண்ணீர் வராவிட்டாலும், சிறுநீர் போகாவிட்டாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

முடிவுரை

2013ஆம் ஆண்டு ரூத் பிஷப் அவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ளோரி பதக்கம் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 2022ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவர் பெயரை அறியாத தாய்மார்கள் கோடிக்கணக்கானோர்; அவர்களுடைய குழந்தைகள் அவர் உழைப்பினால் நலமாயிருக்கிறார்கள்.

அன்புத் தோழியரே! நம்மில் பலருக்கு வீட்டில் தம்பி தங்கைகள் உண்டு. அக்காவின் குழந்தைகள் உண்டு. அவர்களுடைய தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். தவறிய சொட்டு மருந்து ஏதேனும் இருந்தால், ஒரு வயது ஆகும் முன்னரே செவிலியரைச் சென்று கேளுங்கள். உப்பும் சர்க்கரையும் கலக்கும் அளவை மனப்பாடம் செய்து கொள்ளுங்கள். தேர்வில் இக்கேள்வி வராமற் போகலாம். என்றாவது ஓர் இரவில் நம் வீட்டிலேயே வரக்கூடும்.