எண்களால் குறிசொல்பவள்

ஐஸ்லாந்தின் திங்வெல்லிர் சமவெளியில் நிற்பவர், வட அமெரிக்க, யுரேசிய நிலத்தட்டுகளின் விலகலால் உண்டான பிளவுப் பள்ளத்தாக்கைக் காணலாம். கி.பி. 930இல் அந்நாட்டின் பேரவையான ஆல்திங் அங்கேதான் திறந்தவெளியில் கூடியது. சட்டங்கள் எழுதப்படாத அக்காலத்தில், 'சட்டம் உரைப்போர்' அவற்றை நினைவிலிருந்தே அவையில் ஓதினார்.

அருவியையும் வெந்நீர் ஊற்றையும் கண்டு திரும்புவோர் பலர்; அம்மக்களின் மொழியைக் கவனிப்போர் சிலரே. நான்கு இலட்சத்தை எட்டாத அம்மக்கள், பிறமொழிச் சொல்லைத் தயக்கத்துடனேயே ஏற்பர். கணினிக்கு அவர்கள் இட்ட பெயர் 'தொல்வா'. எண்ணைக் குறிக்கும் 'தாலா'வும் குறிசொல்பவளைக் குறிக்கும் 'வொல்வா'வும் இணைந்து பிறந்த சொல் அது. எத்துணை அழகிய ஆக்கம்! 13ஆம் நூற்றாண்டுக் கதைகளை இன்றைய மாணவரும் சிறு முயற்சியுடன் படித்துணர்கின்றனர். ஆயினும், கைப்பேசிவழி நுழையும் ஆங்கிலம் குழந்தைகளின் விளையாட்டு மொழியாகிவருவது கண்டு பெற்றோர் கலங்குகின்றனர். 2011இல் ஆல்திங், ஐஸ்லாந்து மொழியின் நிலையைச் சட்டத்தால் உறுதிசெய்தது.