வெளிநாடு போகும் பிள்ளைக்கு முதல் துணை சரியான தகவல்



வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது என்னென்ன கொடுத்து அனுப்புகிறோம்? புது சூட்கேஸ், இரண்டு உடுப்பு, கொஞ்சம் ஊறுகாய், கோயில் திருநீறு. எல்லாம் நல்லதுதான். ஆனால் போகிற நாட்டில் என்ன நிலைமை, ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது, வீட்டுக்கு எப்படித் தகவல் வரும் என்பதை மட்டும் கொடுத்து அனுப்புவதில்லை. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பாடம்.

ஒரு தாய் எங்களிடம் வந்த நாள்

நாங்கள் இந்த வேலைக்கு வந்த புதிதில், 2006ஆம் ஆண்டு ஜூலை மாதம் லெபனானில் யுத்தம் தொடங்கியது. 12ஆம் திகதி தொடங்கிய குண்டுவீச்சு ஆகஸ்ட் 14 வரை நடந்தது. இலங்கைப் பெண்கள் பல ஆயிரம் பேர் அப்போது அங்கே வீட்டு வேலையில் இருந்தார்கள்.

ஒரு நாள் காலைப் பெரட்டு முடிந்ததும் ஒரு தாய் கொழுந்துக் கூடையோடு எங்கள் அறைக்கு வந்து நின்றார். "ஐயா, மக லெபனான்ல இருக்கா. ரேடியோவில குண்டு போடுறாங்கன்னு சொல்றான்" என்றார்.

"எந்த ஊர் அம்மா?"

"தெரியாதுங்க."

"வீட்டுக்காரர் பேர்? போன் நம்பர்?"

"தரகருக்குத்தான் தெரியும்."

தரகருடைய போன் வேலை செய்யவில்லை. பாஸ்போர்ட் இலக்கமும் வீட்டில் இல்லை. எந்த ஏஜென்சி மூலம் போனார் என்றும் தெரியவில்லை. நாங்கள் யாரிடம் கேட்டாலும் முதலில் கேட்டது பாஸ்போர்ட் இலக்கத்தையும் விலாசத்தையும்தான். இரண்டும் எங்கள் கையில் இல்லை. அந்தத் தாய் பதினொரு நாள் மலைக்குப் போனார், கொழுந்து பறித்தார், பின்னேரம் எங்கள் வாசலில் வந்து நின்றார். பன்னிரண்டாம் நாள்தான் மகளே பேசினாள்.

திரும்பி வந்த பிறகு அந்தப் பிள்ளை சொன்னது இது: "சத்தம் கேட்டப்போ இடின்னு நெனச்சேன். டீவியில அரபுதான். வீட்டுக்காரங்க சாமான் கட்டுனாங்க, என்னைய வீட்டைப் பாத்துக்கன்னு சொல்லிப் போயிட்டாங்க. பக்கத்து வீட்டு எதியோப்பியப் புள்ளதான் சைகையில சொன்னா, இது யுத்தம்னு."

யுத்தம் நடக்கிற ஊரில் இருந்த பிள்ளைக்கு யுத்தம் என்று தெரியவில்லை. ரேடியோ கேட்ட தாய்க்கு யுத்தம் என்று தெரிந்தது, பிள்ளை எங்கே என்று தெரியவில்லை. ஆளுக்குப் பாதி தெரிந்திருந்தது. இரண்டு பாதியும் சேர வழி இல்லாமல் போனதுதான் அந்தப் பதினொரு நாள் துன்பம். இந்தப் பாடத்தின் சாரமும் இதுதான்.

பாடம் 1: போகும் முன் கேட்க வேண்டியவை

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்தது. வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு இந்தப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். போகிறவரும் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். லயத்துக்கு வந்து பேசுகிற தரகருக்கு அனுமதிப்பத்திரம் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். அவர் எந்த ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கிறார் என்று பெயரைக் கேட்டு எழுதுங்கள். பிறகு 1989 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்து, தமிழில் பேச வேண்டும் என்று சொல்லி, "இந்த ஏஜென்சிக்கு லைசன் இருக்கா? இந்த வேலைக்கு ஆள் எடுக்க அனுமதி இருக்கா?" என்று விசாரியுங்கள். போன் எடுக்கத் தயக்கம் என்றால் பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலை பற்றிய விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தரிடம் நேரில் கேளுங்கள்.

இரண்டாவது, விசா. "விசிட் விசாவில போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். விசிட் விசா ஊர் பார்க்கப் போகிறவருக்கு உரியது. அதில் போய் வேலை செய்பவருக்கு ஒப்பந்தமும் இல்லை, பணியகத்தின் காப்புறுதியும் இல்லை. சம்பளம் தராவிட்டால் முறையிடவே பயப்பட வேண்டி வரும்.

படித்த பிள்ளைகளும் இதில் ஏமாறுகிறார்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள் எல்லை கடத்தப்பட்டு, மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள். 2023, 2024ஆம் ஆண்டுகளில் அவர்களைக் கட்டம் கட்டமாக மீட்க வேண்டியிருந்தது. ஏ.எல். முடித்து, கம்ப்யூட்டர் கோஸ் செய்துவிட்டு வீட்டில் இருக்கும் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும்.

மூன்றாவது, வயது. மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக் 2005ஆம் ஆண்டு சவூதிக்கு வேலைக்குப் போனார். பிறப்புச் சான்றிதழின்படி அவருக்கு அப்போது 17 வயது. பாஸ்போர்ட்டிலோ 23 என்று இருந்தது. போன சில வாரங்களில், அவர் பார்த்துக்கொண்ட கைக்குழந்தை இறந்த வழக்கில் சிக்கினார். முதல் விசாரணையில் அவருக்கு வழக்கறிஞர் இருக்கவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அந்தப் பிள்ளையின் கதையை நாங்கள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வயதைக் கூட்டி எழுதிய கடதாசி, ஆபத்து நேரத்தில் நம் பிள்ளைக்கே எதிராக நிற்கும் என்பதற்காகச் சொல்கிறோம்.

வயதெல்லை, பயிற்சி, கடதாசிகள் பற்றிய விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பக்கத்து லயத்து அக்கா மூன்று வருடத்துக்கு முன் போனபோது இருந்த விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேளுங்கள்.

பாடம் 2: போகிற நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்வது

"துபாய்க்குப் போறா" என்று சொல்லுவோம். விசாரித்தால் ஓமானாக இருக்கும். நம்மில் பலருக்கு அரபு நாடு எல்லாம் ஒன்றுதான். அப்படி இருக்கக் கூடாது. நாடு, நகரம், தெரு, வீட்டுக்காரர் பெயர் நான்கும் தெரிய வேண்டும்.

இங்கே பொலிசுக்கு 119. அங்கே நாட்டுக்கு நாடு வேறு. துபாய் இருக்கும் ஐக்கிய அரபு இராச்சியத்திலும் கட்டாரிலும் 999. குவைத்திலும் லெபனானிலும் 112. ஓமானில் 9999. ஜோர்தானில் 911. போகிற நாட்டின் இலக்கம் ஒன்றைப் பாடமாக்கினால் போதும்.

நேரமும் வேறு. குவைத், கட்டார், சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். துபாயும் ஓமானும் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். நாம் காலை ஆறு மணிக்குப் போன் எடுத்தால் குவைத்தில் நடுச்சாமம் மூன்றரை. வேலை செய்து களைத்த பிள்ளை போனை எடுக்கவில்லை என்று இங்கே அழுது என்ன பயன்?

வெயிலும் ஒரு ஆபத்து. நுவரெலியாக் குளிரில் வளர்ந்த தம்பி வளைகுடாவின் கோடை வெயிலில் கட்டட வேலைக்கு நின்றால் உடம்பு தாங்காது. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் முடியும் வரை பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. இது தெரிந்த தொழிலாளிதான் "இந்த நேரத்தில் வேலை செய்யச் சொல்ல முடியாது" என்று சொல்ல முடியும்.

பாடம் 3: இரண்டு அட்டை

ஒரு பழைய கொப்பி மட்டையை இரண்டாக வெட்டுங்கள். இரண்டிலும் ஒரே விபரத்தை எழுதுங்கள்: முழுப் பெயர், பாஸ்போர்ட் இலக்கம், பணியகப் பதிவு இலக்கம், ஏஜென்சியின் பெயரும் போனும், வேலை செய்யும் வீட்டின் விலாசம், அந்த நாட்டில் உள்ள இலங்கைத் தூதரகத்தின் போன், அந்த நாட்டுப் பொலிஸ் இலக்கம், நம் வீட்டுப் போன்.

ஒன்று போகிறவரின் உடுப்புப் பைக்குள். மற்றது வீட்டில், சாமிப் படத்துக்குப் பின்னால். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றின் போட்டோ கொப்பியும் அதோடு இருக்கட்டும். போனில் படம் இருக்கிறதே என்பீர்கள். போனைப் பறித்துக்கொண்டால் படமும் போய்விடும்.

கடதாசியின் பெறுமதிக்கு ஒரு உதாரணம். 1990 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தபோது ஆயிரக்கணக்கான இலங்கையர்கள் போட்டது போட்டபடி கிடக்க ஓடினார்கள். பலர் ஜோர்தான் எல்லையில் கூடாரங்களில் கிடந்து ஊர் வந்தார்கள். பிற்பாடு ஐக்கிய நாடுகளின் நட்டஈட்டு ஆணைக்குழு, அப்படி வெளியேற வேண்டி வந்தவர்களுக்கு நட்டஈடு கொடுத்தது. அதைக் கேட்பதற்கு, எப்போது வெளியேறினோம் என்று காட்ட ஆதாரம் தேவைப்பட்டது. கடதாசியைக் காத்தவர் கை வெறுங்கை ஆகவில்லை.

1989 இலங்கைக்குள் இருந்து அழைக்கும் சுருக்க இலக்கம். வெளிநாட்டிலிருந்து பணியகத்தை அழைக்க முழு இலக்கம் வேண்டும். அதையும் கேட்டு அட்டையில் எழுதிவிடுங்கள்.

பாடம் 4: கிழமைக்கு ஒரு பேச்சு

கிழமைக்கு ஒரு நாள், ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் ஒழுங்காகப் பேசினால்தான், பேச்சு வராத கிழமையில் ஏதோ சரியில்லை என்று உடனே தெரியும்.

பக்கத்தில் வீட்டுக்காரர் நிற்கும்போது பிள்ளையால் கஷ்டத்தைச் சொல்ல முடியாது. அதற்காக ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் ஒரு குடும்பம் வைத்தது "ஆட்டுக்குட்டி எப்படி இருக்கு?" என்பது. அவர்கள் வீட்டில் ஆடே கிடையாது. மகள் ஆட்டை விசாரித்தால் கஷ்டத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

பாடம் 5: வதந்தியும் செய்தியும்

2025 ஜூன் 23ஆம் திகதி இரவு, கட்டாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை வீசியது. கட்டார் தன் வான்பரப்பைச் சில மணித்தியாலம் மூடியது. அன்று இரவே "தோஹா முழுக்க எரியுது" என்று நம் லயங்களில் போனுக்குப் போன் தகவல் பறந்தது.

ஆடு இல்லாத அந்தக் குடும்பத்தின் மகள் அப்போது தோஹாவில்தான் இருந்தாள். தம்பி அட்டையை எடுத்தான். விலாசம் பார்த்தான். அக்காவுக்கு ஒரு வரி எழுதினான். "சத்தம் கேட்டிச்சி. வீட்டுக்குள்ள இருக்கோம். எம்பசி நம்பர் கையில இருக்கு. அம்மாவைத் தூங்கச் சொல்லு" என்று பதில் வந்தது. அம்மா தூங்கினாரோ இல்லையோ, காலையில் பெரட்டுக்குப் போனார். 2006இல் பதினொரு நாள் பட்ட பாடு இங்கே ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. இரண்டு குடும்பமும் ஒரே தோட்டம்தான். வித்தியாசம் ஒரு கொப்பி மட்டை.

ஒரு தகவல் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். யார் சொன்னது? எந்த ஊரில்? எப்போது நடந்தது? மூன்றுக்கும் பதில் இல்லாத தகவலை மற்றவருக்கு அனுப்பாதீர்கள். தூதரகத்தின் அறிவித்தல், அந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவித்தல், வானொலிச் செய்தி இவற்றைக் கேளுங்கள்.

ஆபத்து வந்தேவிட்டால்

அங்கே இருப்பவர் செய்ய வேண்டியது: அரசாங்கம் வீட்டுக்குள் இருக்கச் சொன்னால் வீட்டுக்குள், ஜன்னலுக்குத் தூரமாக இருக்க வேண்டும். வெளியேறச் சொன்னால் பாஸ்போர்ட் அல்லது அட்டையோடு வெளியேற வேண்டும். தூதரகத்துக்கும் வீட்டுக்கும் தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். பொலிஸ் பிடித்தால், தன் நாட்டுத் தூதரகத்துக்கு அறிவிக்கும்படி கேட்க எந்த நாட்டிலும் உரிமை உண்டு. விளங்காத மொழியில் எழுதிய கடதாசியில் கையெழுத்து வைக்கக் கூடாது.

இங்கே இருப்பவர் செய்ய வேண்டியது: அட்டையோடு 1989க்குச் சொல்லுங்கள். யாரிடம் பேசினீர்கள், என்ன திகதி என்று எழுதி வையுங்கள். எங்களிடமும் வாருங்கள். தரகருக்குக் கோபம் வரும் என்று தயங்க வேண்டாம்.

வீட்டில் கேட்டுப் பாருங்கள்

இன்று இரவு சாப்பிட்ட பிறகு பிள்ளைகளை விட்டு இதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, பதில் சொல்லிப் பாருங்கள்.

1. நம் வீட்டிலிருந்து போனவர் எந்த நாட்டில், எந்த நகரத்தில் இருக்கிறார்?
2. அவருடைய பாஸ்போர்ட் இலக்கம் எங்கே எழுதியிருக்கிறது?
3. அங்கே பொலிசுக்கு எந்த இலக்கம்?
4. கடைசியாக எந்த நாள் பேசினோம்?
5. நம் வீட்டு ரகசியச் சொல் என்ன?

ஒன்றுக்காவது பதில் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அடுத்த பேச்சில் கேட்டு எழுதுங்கள். அட்டை எழுத உதவி வேண்டியவர்கள் பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு எங்கள் அறைக்கு வரலாம். மட்டையும் பேனாவும் வைத்திருக்கிறோம்.

— தோட்ட சேமநல உத்தியோகத்தர்