எந்த வகை என்று கேள்

அன்புள்ள தேன்மொழிக்கு,

நேற்றிரவு போனில் நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. "பத்து வயசுப் பையன் அத்தை. பிளட் கேன்சராம். அவ்வளவுதானா?" என்றாய். எந்த வகை என்று கேட்டேன். உனக்குத் தெரியவில்லை. நர்சிங் இரண்டாம் ஆண்டில் அது குற்றமில்லை. ஆனால் முப்பது வருஷம் லேபில் ரத்த ஸ்லைடு பார்த்தவள் சொல்கிறேன்: அது தெரியாமல் அழவும் வேண்டாம், ஆறுதல் சொல்லவும் வேண்டாம்.

பெயர் ஒன்றுதான், நோய்கள் பல. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் பிறப்பது எலும்பு மஜ்ஜையில். அங்கே ஒருவகை வெள்ளையணு கட்டுமீறிப் பெருகினால் மற்றவற்றுக்கு இடமில்லை. சிவப்பணு குறைந்து முகம் வெளிறும், படியேறினால் மூச்சு வாங்கும். தட்டணு குறைந்து ஈறில் ரத்தம் கசியும், காலில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அதன்மேல் கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்து. கொசுக்கடி என்றால் மங்கும், இது மங்காது. வெள்ளையணு லட்சத்தைத் தாண்டியிருந்தாலும் அவை கிருமியோடு போராடத் தெரியாத பிஞ்சுகள். அதனால்தான் விடாத காய்ச்சல்.

குழந்தைகளுக்கு அதிகம் வருவது லிம்போபிளாஸ்டிக் என்கிற தீவிர வகை. ஓடியாடிய பிள்ளை திடீரென்று நொண்டும், தூக்கச் சொல்லி அழும். மஜ்ஜை நெருக்குவதால் எலும்பு வலிக்கிறது. வளர்கிற வலி என்று எண்ணெய் தேய்த்தே வாரங்கள் போய்விடும். கழுத்தில் நெறி கட்டும். மூளையுறையிலும் போய் ஒளியும் நோய் இது. அதற்காகத்தான் முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீரில் மருந்து விடுகிறார்கள். 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்ததை எழுதினார். பத்துப் பேர் தேறினார்கள், சில மாதங்களுக்கு மட்டும். அந்த மருந்து வந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அதற்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளுக்குப் போகிறது. இரண்டு, மூன்று வருஷச் சிகிச்சை. நல்ல வசதியுள்ள இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் முழுதாகக் குணமாகிறார்கள்.

மைலாய்டு தீவிர வகை பெரியவர்களிடம் அதிகம். சிலருக்கு ஈறு வீங்கிப் பல்லையே மூடும். அதில் ஒன்றை மறக்கவே முடியாது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காத ஓர் இளம்பெண்ணின் ஸ்லைடு. அணுக்களுக்குள் செந்நிறக் குச்சிகள், விறகுக்கட்டு போல அடுக்கியிருந்தன. ப்ரோமைலோசைடிக் வகை. ரத்தம் உறையும் ஏற்பாடே குலைந்து மூளையில் கசியக்கூடியது. ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திராமல் வார்டுக்கு ஓடினேன். வைட்டமின் ஏ சார்ந்த மாத்திரையை அன்றிரவே தொடங்கினார்கள். முதல் சில நாட்களைத் தாண்டிவிட்டால், மைலாய்டு தீவிர வகைகளில் அதிகம் குணமாவது இதுதான். பாஷாணம் என்று நாம் பயப்படும் ஆர்சனிக் இதற்கு மருந்து. வேலூர் சி.எம்.சி.யில் அதை மட்டுமே கொடுத்தும் பலரைப் பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

நாள்பட்ட மைலாய்டில் மண்ணீரல் பெருத்து இடப்பக்க வயிறு கனக்கும், நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதே காரணம். 2001இல் இமாட்டினிப் வந்தபிறகு, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். உடம்பு சரியாகிவிட்டதென்று தாங்களே நிறுத்துகிறவர்களுக்குத்தான் ஆபத்து. தீவிர வகையாக மாறினால் மீட்பது கடினம். நாள்பட்ட லிம்போசைட்டிக் வகை முதியவர்களுக்கு வருவது, நம் நாட்டில் குறைவு. வேறெதற்கோ ரத்தம் பார்க்கையில் தெரியவரும், பல சமயம் வெறுமனே கண்காணித்தாலே போதும்.

இனி உன் கையில் இருப்பது. கீமோ நடக்கும்போது வெள்ளையணு அடிமட்டத்துக்குப் போகும். அப்போது சீழ்கூடப் பிடிக்காது, சீழாவதற்கு வெள்ளையணு வேண்டுமே. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். 101 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதே, டாக்டரை எழுப்பு. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். சிகிச்சையின் முதல் நாட்களில் அணுக்கள் மொத்தமாக உடைந்து யூரிக் அமிலமும் பொட்டாசியமும் ரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் அடைபடலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். சிறுநீர் அளவை ஒழுங்காகக் குறித்து வை. தட்டணு குறைந்த பிள்ளைக்குச் சதையில் ஊசி வேண்டாம். ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து நீயே அழுத்திப் பிடி, குழந்தையிடம் விடாதே.

திங்கட்கிழமை டியூட்டிக்குப் போனதும் கேஸ் ஷீட்டில் மஜ்ஜைப் பரிசோதனை முடிவைப் பார். எந்த வகை என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை