ஏலூர் வீட்டிற்குக் காற்று வரும் வழி

வீட்டுக் கடன் விண்ணப்பத்துடன் இணைக்கப்படும் வரைபடத்தில் சன்னல்களின் திசையையும் நாங்கள் கவனிப்பதுண்டு. அது எங்கள் அலுவல் அன்று. எனினும் இருபது ஆண்டுகள் தவணை செலுத்தும் குடும்பம் அவ்வீட்டில் நன்றாக மூச்சுவிட வேண்டுமல்லவா?

அண்மையில் ஏலூரிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. ஐந்து சென்ட் நிலம்; முதிய தாயார்; ஆஸ்துமா உள்ள சிறுமி. ஏலூர் பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த தீவு. 1943இல் நிறுவப்பட்ட ஃபாக்ட் உரத் தொழிற்சாலையும் பிற வேதித் தொழிற்சாலைகளும் அமைந்த உத்யோகமண்டல் அங்கேதான் உள்ளது. "சன்னலைத் திறந்தால் வாடை, மூடினால் புழுக்கம், எல்லா அறைக்கும் ஏ.சி. வைத்துவிடலாமா சார்?" என்றார் வாடிக்கையாளர்.

ஸ்பிளிட் ஏ.சி. அறையில் உள்ள காற்றையே குளிர்வித்துச் சுழற்றுகிறது. புதுக் காற்றைக் கொணர்வதில்லை. மின்விசிறியும் அவ்வாறே. குளிர்நாடுகளில் வெளியேறும் காற்றின் வெப்பத்தை மீட்கும் கருவிகளைப் பொருத்துகின்றனர். நமக்குப் பகை குளிரன்று, ஈரப்பதமே. அச்செலவு இங்குத் தேவையில்லை.

சன்னலிலிருந்தே தொடங்கலாம். ஈரமும் வெப்பமும் மிகுந்த பகுதிகளில் திறப்புகள் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கேனும் இருக்க வேண்டுமென்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. 12க்கு 10 அடி அறைக்கு 20 சதுர அடி வேண்டும். நான்கடிச் சதுரச் சன்னல் ஒன்று 16 சதுர அடி. அது இரண்டு கதவு கொண்ட நகரும் வகையாயின் திறப்பது எட்டே. பலரும் ஏமாறுவது இவ்விடத்தில்தான். கீல் வைத்த கதவுகள் முழுமையாகத் திறக்கும். எதிர்ச்சுவரிலும் திறப்பு இருந்தால்தான் காற்று கடந்து செல்லும்.

லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய செங்கல் சாளரச் சுவர் அழகானது, மலிவானது. ஆனால் வாடை வரும்போது அதை மூட இயலாது. ஏலூரில் படுக்கையறைக்கு நாங்கள் அதைப் பரிந்துரையோம், மாடிப்படிக்கூடத்திற்குப் பொருந்தும். பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வீசும். இரவில் நிலக்காற்று திசைமாறும். தொழிற்சாலை மனைக்கு எப்பக்கம் என்பதைப் பொறுத்து, எந்தச் சன்னலை எப்போது மூடுவதென முடிவு செய்யலாம். வரைபடத்திற்கு முன் சில நாள் காலையும் மாலையும் மனையில் நின்று பார்ப்பது நன்று.

சமையலறை 10க்கு 8 அடி, உயரம் 10 அடி எனில் 800 கன அடி. மணிக்குப் பதினைந்து முறை காற்று மாற, நிமிடத்திற்கு 200 கன அடி இழுக்கும் எக்ஸாஸ்ட் விசிறி வேண்டும். கதவடியில் இடைவெளியின்றேல் அது வீணே சுழலும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. ஆகவே தரையருகிலும் ஒரு துளை தேவை. குளியலறைக்குள் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். மூடிய அறையில் திரளும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, உயிரைப் பறிக்கும்.

சிறுமியின் அறைக்கு, வடிகட்டியுடன் வெளிக்காற்றை உள்ளே செலுத்தும் சிறு விசிறி ஒன்றை யோசிக்கலாம் என்றோம். தூசு வடிகட்டி வாயுக்களைத் தடுக்காது. அதற்குக் கரி அடுக்கு வேண்டும், அதையும் அவ்வப்போது மாற்ற வேண்டும். அச்செலவு மாதக் கணக்கில் சேரும்.

இவையனைத்தும் லிண்டல் மட்டத்திற்கு முன்பே முடிவாக வேண்டும். பின்னர்ச் சுவரை உடைப்பது இருமடங்குச் செலவு. கடன் கட்டம் கட்டமாக வழங்கப்படுவதால், முதல் மதிப்பீட்டிலேயே விசிறி, குழாய், வடிகட்டி ஆகியவற்றைச் சேர்த்துவிடுவது எளிது. அவ்வாடிக்கையாளர் இரு ஏ.சி.க்களை நீக்கி, சன்னல்களைக் கீல் வகையாக்கித் திருத்திய வரைபடத்தை நகராட்சியில் அளித்துள்ளார். ஒப்புதல் வந்ததும் அடித்தளத்திற்கான முதல் தவணையை வழங்குவோம்.