வீட்டில், தெருவில்: வீட்டுவழிக் கல்விக்கு ஏற்ற இலக்கண நூலைத் தேர்தல்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் முறை, ஹோம்ஸ்கூலிங் என்றும் வீட்டுவழிக் கல்வி என்றும் வழங்கப்படுவது, தமிழ்நாட்டில் இன்றும் சிறு வட்டத்துக்குள்தான் இருக்கிறது. அம்முறையை மேற்கொண்ட பெற்றோர் கணக்குக்கும் அறிவியலுக்கும் தேடித் தேடி நூல் சேர்க்கிறார்கள். தமிழ் இலக்கணம் என்று வரும்போது மட்டும் தயங்கி நின்றுவிடுகிறார்கள். தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் அவர்களுடைய பள்ளி நினைவே. வரையறைகளை மனப்பாடம் செய்து, வகைகளை எண்ணி ஒப்பித்து, தேர்வு முடிந்ததும் மறந்துபோன ஒரு பாடத்தை எதற்காகப் பிள்ளைக்குக் கொடுப்பது, கொடுத்தாலும் எந்த நூலைக் கொண்டு கொடுப்பது என்ற இரு கேள்விகளும் அவர்களிடத்தில் பிணைந்தே எழுகின்றன. இரண்டுக்கும் விடை பிள்ளையின் வாயிலேயே இருக்கிறது.

‘வீடு’ என்னும் சொல்லோடு ‘இல்’ என்னும் உருபு சேரும்போது ‘வீட்டில்’ என்றாகிறது. ‘தெரு’ என்னும் சொல்லோடு அதே உருபு சேரும்போது ‘தெருவில்’ என்றாகிறது. இரண்டு சொற்களும் உகரத்தில் முடிந்தும் ஒன்று ஒரு வழியிலும் மற்றொன்று வேறு வழியிலும் செல்கின்றன. பேச்சில் ‘வீட்டுல’, ‘தெருவுல’ என்று சொல்லும் பிள்ளை, எழுதப் படிக்கத் தொடங்கும் வயதை எட்டுமுன்பே இவ்வேறுபாட்டில் தடுமாறுவதை விட்டுவிடுகிறது. அதற்கு யாரும் விதி சொல்லிக் கொடுத்ததில்லை. விதியோ நுட்பமானது. ‘தெரு’ என்பதன் ஈற்றிலுள்ள உகரம் இதழ் குவிந்து ஒரு மாத்திரை அளவுக்கு முழுமையாக ஒலிக்கிறது. மாத்திரை என்பது இயல்பாகக் கண் இமைக்கவோ கை நொடிக்கவோ ஆகும் நேரம். ‘வீடு’ என்பதன் ஈற்று உகரம் இதழ் குவியாமல் அரை மாத்திரை அளவுக்குக் குறைந்து ஒலிக்கிறது. இவ்வாறு குறைந்து ஒலிப்பது குற்றியலுகரம். குறையாமல் ஒலிப்பது முற்றியலுகரம். குறுகிய உகரம், உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லோ உருபோ வந்து சேர்ந்தால் தன் இடத்தை விட்டு நீங்கிவிடுகிறது. வீடு, ஆறு, கிணறு போன்ற சொற்களில் ஈற்று மெய்யும் இரட்டித்து வீட்டில், ஆற்றில், கிணற்றில் என வருகிறது. குறுகாத உகரம் பெரும்பாலும் நிலைத்து நிற்பதால், இரண்டு உயிர்களையும் இணைக்க ‘வ்’ என்னும் உடம்படுமெய் இடையில் தோன்றுகிறது. நாடு, நடு என்ற இரு சொற்களைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கும் எட்டு வயதுப் பிள்ளை, இரண்டாவது சொல்லில் உதடு குவிவதைத் தானே கண்டுகொள்ளும். ‘நாட்டில்’, ‘நடுவில்’ என்ற வடிவங்களின் காரணத்தையும் உடனே ஊகித்துவிடும்.

இலக்கண நூலைத் தேரும் பெற்றோர் முதலில் புரட்டிப் பார்க்க வேண்டிய பக்கம் இந்தக் குற்றியலுகரப் பகுதிதான். நெடில்தொடர், ஆய்தத்தொடர், உயிர்த்தொடர், வன்தொடர், மென்தொடர், இடைத்தொடர் என ஆறு பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டைத் தந்து, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லி முடித்துவிடும் நூல், இவ்வுகரம் எங்கே கேட்கிறது, கேட்பதால் என்ன மாறுகிறது என்பதைச் சொல்லவில்லை. ஆறு பெயர்களும் வேண்டாதவை அல்ல. முன்னிற்கும் எழுத்து எதுவென்று பார்த்துப் பின்வரும் மாற்றத்தைக் கணிக்க அவை உதவுகின்றன. அந்தப் பயன் சொல்லப்படாதவரை அவை வெறும் பெயர்களாகவே நிற்கும்.

இக்கட்டுரையை எழுதுபவர் தம் பிள்ளைகள் இருவருக்கும் வீட்டிலேயே தமிழ் கற்பித்த காலத்தில், முதலில் தெரிவு செய்தது விலை மிகுந்த, வண்ணப் படங்கள் நிறைந்த பயிற்சி ஏடுகளின் தொகுப்பு ஒன்றை. மூத்த பிள்ளை ஓராண்டில் அவ்வேடுகள் அனைத்தையும் பிழையின்றி நிரப்பிமுடித்தது. ஆனால் தான் எழுதிய கதையொன்றில் ‘கிணற்றில்’ என்று வருவது ஏன் என்று கேட்டபோது, அந்த ஏடுகளுக்கும் அக்கேள்விக்கும் தொடர்பு உண்டென்றே அதற்குத் தோன்றவில்லை. அங்கே செலவான பணம் தாளுக்கும் படத்துக்கும் ஒரே வகைப் பயிற்சியைப் பலமுறை அச்சிட்டதற்கும்தான் போயிருந்தது. தமிழ் இலக்கணத்தைப் பொறுத்தவரை, நல்ல பொருள் பெரும்பாலும் மலிவான பொருளாகவே இருக்கிறது என்பது வீட்டில் கற்பிப்போருக்குக் கிடைத்த நற்பேறு.

தமிழ்நாடு அரசின் தமிழ்ப் பாடநூல்களை இணையத்திலிருந்து விலையின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பு முதலான நூல்களில் ‘கற்கண்டு’ என்னும் தலைப்பில் இலக்கணப் பகுதிகள் அமைந்திருக்கின்றன. குற்றியலுகரம் ஏழாம் வகுப்பு நூலில் வருகிறது. இப்பகுதிகளை மட்டும் வகுப்பு வரிசையில் தனியே தொகுத்துக்கொண்டால், தேவைக்கு மிகாத ஒரு சிறு இலக்கண நூல் கையில் கிடைத்துவிடும். அவற்றின் குறை சுருக்கம். எடுத்துக்காட்டுகள் போதாமல் போகும் இடங்களில் பெற்றோரே இட்டு நிரப்ப வேண்டும். இரண்டாவது துணை, யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடையில் இயற்றிய ‘இலக்கணச் சுருக்கம்’. பவணந்தி முனிவரின் நன்னூல், எழுத்தையும் சொல்லையும் நூற்பாக்களாக, அதாவது மனத்தில் நிறுத்துவதற்கு ஏற்ற செறிந்த செய்யுள் வடிவில் கூறுகிறது. நாவலரோ அச்செய்திகளை மாணவர் தாமே படித்துணரும் வகையில் உரைநடையில் விரித்துத் தந்தார். பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்ட அந்நூலையும் இணையத்தில் விலையின்றிப் படிக்கலாம். இது பிள்ளையின் கையில் நேரே கொடுப்பதற்கு உரியதன்று. கற்பிக்கும் பெற்றோர் முந்தின இரவு படித்துத் தெளிவதற்கு உரியது. பிழையின்றி எழுதும் பழக்கத்துக்கு அ. கி. பரந்தாமனாரின் ‘நல்ல தமிழ் எழுத வேண்டுமா?’ மூன்றாவதாகச் சேரலாம். இவற்றோடு ஒரு கோடிட்ட நோட்டும், பிள்ளை விரும்பிப் படிக்கும் கதைப்புத்தகம் ஒன்றும் இருந்தால், வேறு எதையும் வாங்காமலே தொடங்கிவிடலாம்.

நூலைச் சோதிக்கும் இரண்டாவது இடம் வல்லினம் மிகும், மிகா இடங்கள். க, ச, த, ப என்னும் எழுத்துகளில் தொடங்கும் சொல்லின் முன் அதே மெய் தோன்றுவதை வல்லினம் மிகுதல் என்பர். பல நூல்கள் இதை நீண்ட விதிப் பட்டியலாக அடுக்கிவைக்க, பிள்ளைகள் அதைக் கண்டு மிரண்டுபோகின்றனர். ஆனால் ‘வேலை கொடு’ என்றால் பணி கேட்பது; ‘வேலைக் கொடு’ என்றால் வேல் என்னும் படைக்கலத்தைக் கேட்பது. ‘தந்த பலகை’ யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ யானைத் தந்தத்தால் ஆனது. ‘மருந்து கடை’ என்பது மருந்தைக் கடையுமாறு ஏவுவது. ‘மருந்துக் கடை’ தெருமுனையில் இருப்பது. ஒற்று ஒன்று பொருளைத் தலைகீழாக்கும் இத்தகைய இணைகளோடு தொடங்கும் நூலில், விதி தேவையை ஒட்டிப் பிறக்கிறது. இளைய பிள்ளை கடைப்பலகைகளையும் சுவரொட்டிகளையும் பார்த்து, விடுபட்ட ஒற்றுகளையும் வேண்டாத ஒற்றுகளையும் நோட்டில் குறித்துவரத் தொடங்கியது இதன் பிறகே. பேருந்துப் பயணங்கள் அனைத்தும் இலக்கண வகுப்புகளாயின.

பொருளை உணர்த்தும் நூலா என்பதை அறிய இன்னும் நுண்ணிய உரைகல் வழுவமைதி. இலக்கணப்படி பிழையாக இருப்பினும் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படும் வழக்கை அது குறிக்கிறது. பசுவைப் பார்த்து மகிழ்ச்சி மிகுதியால் ‘என் அம்மை வந்தாள்’ என்பது அஃறிணையை உயர்திணையாகச் சொன்னதாயினும், உவகை காரணமாகத் திணை வழுவமைதியாகக் கொள்ளப்படுகிறது. வீட்டு நாயை ‘அவன்’ என்றே அழைக்கும் பிள்ளைக்கு இதைச் சொன்னால், தன் அன்புக்கு இலக்கணத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பது கண்டு அது வியக்கும். சரி, தவறு என்று மட்டும் பிரித்து இப்பகுதியை ஒரு வரியில் கடந்துவிடும் நூலை வாங்காமல் விடுவது நன்று.

பாட வரிசையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தில் முதல் இரண்டே பத்து, பன்னிரண்டு வயதுவரை போதும். யாப்பும் அணியும் செய்யுளைச் சுவைக்கும்போது தாமே வந்து சேரும். வினைச்சொல்லைப் பிரிப்பதற்கும் ஓடினான், ஓடுகிறான், ஓடுவான் என்ற மூன்றே தொடக்கத்துக்குப் போதுமானவை. மூன்றிலும் மாறாமல் நிற்பது எது, மாறுவது எது என்று கேட்டால், ஓடு என்னும் பகுதியையும், ஆன் என்னும் விகுதியையும், காலம் காட்டும் இன், கிறு, வ் ஆகிய இடைநிலைகளையும் பிள்ளையே பிரித்தெடுத்துவிடும்.

தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகவோ, மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராகவோ பத்தாம் வகுப்பில் எழுத வேண்டிய நாள் வரத்தான் செய்யும். அத்தேர்வில் கலைச்சொற்களும் வரையறைகளும் கேட்கப்படும் என்பதால், அவற்றைப் புறக்கணிப்பது பிள்ளைக்குச் செய்யும் நன்மையாகாது. அவற்றை எட்டு வயதில் திணிக்காமல், எழுதவிருக்கும் தேர்வின் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்வுக்கு முந்தின ஓராண்டில் முறையாகச் சேர்ப்பதே எளிது. மூத்த பிள்ளை அவ்வாறு படித்த ஆண்டில், முன்பு ஏடு ஏடாக நிரப்பியும் மனத்தில் தங்காத குற்றியலுகரத்தின் ஆறு பெயர்களையும் கற்றுக்கொள்வதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாயிற்று. ஆறாவது பெயரைப் படித்து முடித்ததும், ‘கிணறு’ இவற்றுள் எதில் அடங்கும் என்று அதுவே கேட்டு, ‘ண’கரத்தின் மேல் ஏறிய அகரத்தைக் கண்டு, உயிர்த்தொடர் என்று எழுதிக்கொண்டது.