கடற்கரைப் பேச்சு பழக

கேள்வி: திருகோணமலையில் ஒரு மீன்வாடியில் கணக்கெழுதும் வேலை கிடைத்திருக்கிறது. தோட்டத்தில் வளர்ந்த எனக்குக் கடல்தொழிலாளரின் பேச்சு விளங்குமா?
– வாசகர், இரத்தோட்டை, மாத்தளை

பதில்: கட்டாயம் விளங்கும், தம்பி. முதலில் காற்றின் பெயர்களைப் பாடமாக்குங்கள். வடக்கிலிருந்து வீசுவது வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து சோளகம், மேற்கிலிருந்து கச்சான். இன்றைக்குத் தொழிலுக்குப் போகலாமா என்ற பேச்சில் இவைதான் அடிபடும். வள்ளத்தின் முன்பக்கம் அணியம். வள்ளத்தைத் திருப்புவது சுக்கான். வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளி சம்மாட்டி. பலர் கரையில் நின்று கூடி இழுப்பது கரைவலை. அதில் வருமானம் பங்காகப் பிரியும். யாருக்கு எத்தனை பங்கு என்பதை முதல் நாளே தெளிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விளங்காத சொல்லை அன்றன்றே கேளுங்கள். கொழுந்து, அரைப்பேர் என்று தோட்டத்துக் கணக்குப் பேச்சில் வளர்ந்தவர் நீங்கள். இதுவும் விரைவில் வசப்படும். துணிந்து போய்வாருங்கள்!